எஸ்தரின் நெற்றியில் நான் தீட்டிய பொட்டு

தம்பி,

என் போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. வாட்ஸ்அப் புலனத்தில் குரல் பதிவு அனுப்பலாம் என்றால், அதை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் அறையிலிருந்து என் குரலே எலி கத்துகிற மாதிரி வெளியே கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை வேகமாக ஓட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். கோபமாகத்தான் எழுதுகிறேன், அதை மறைக்கப்போவதில்லை. கோபம் உன் மேல் பாதி, தாப்பாவில் இருக்கிற உன் அத்தை மேல் கொஞ்சம், நீ வாங்கிக்கொடுத்த அந்த மடிக்கணினி மேல் நிறைய. மிச்சம் என் மேல்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். கல்யாண அழைப்புக்காக நீயும் எஸ்தரும் சேர்ந்து எடுத்த படத்தில், அந்தப் பெண்ணின் நெற்றியில் நான் ஒரு பொட்டு வைத்தேன். கையால் இல்லை, கணினியில் நீ சொல்லிக்கொடுத்த அதே பிரஷ்ஷால். பாரிட் புந்தாரில் அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீ போன் செய்தாய். “யாரும்மா உங்கள கேட்டா?” என்று கத்தினாய். போனை வைத்துவிட்டாய். பொட்டை ஏன் வைத்தீர்கள், எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன், இவ்வளவு காகிதமும் மிஞ்சியிருக்கும்.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது நீதான். கிளினிக் முகப்பில் நோயாளிகள் பெயரைப் பதிகிற வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், “சும்மா இருந்தா அப்பாகூட சண்டதான் போடுவீங்க, ஏதாச்சும் படிங்கம்மா” என்று சொல்லி, பழைய மடிக்கணினி ஒன்றையும், பலகை மேல் எழுதுகிற அந்தப் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாய். படம் திருத்தப் பழகினால் கோயில் திருவிழாவுக்குப் பதாகை செய்யலாம், நம் தாமான் குடியிருப்பில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்யலாம் என்றாய். எனக்கும் ஆசை வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் அடுத்தவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதியே தேய்ந்த கை. ஒரு பூவை வரைந்து பார்க்கலாமே என்று நினைத்தேன்.

நினைப்பதற்கு என்ன, எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். அந்த பிரஷ் இருக்கிறதே, அதைப் போல ஒரு திமிர் பிடித்த சாமானை நான் பார்த்ததில்லை. கிளினிக்கில் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி விழ அழுத்தி அழுத்தி எழுதிய கை இது. மெதுவாகத் தொடுங்கள் என்றால் அதற்குப் புரியுமா? பேனாவை வைத்தால் மயிர்போல ஒரு கோடு வேண்டிய இடத்தில் வாழைத்தண்டு பருமனுக்கு ஒரு பட்டை விழும். அளவைக் குறைத்தால் இருக்கிற இடமே தெரியாது. ஓரத்தை மென்மையாக்கினால் புகைபோல ஆகிவிடும், கெட்டியாக்கினால் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். ஒருநாள் பிரஷ்ஷின் வட்டமே காணாமல் போய், ஒரு கூட்டல் குறி மட்டும் திரையில் நின்றது. அணைத்துப் போட்டோம், போகவில்லை. உன் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ஈப்போவில் கணினிக் கடைக்கே போனார். கடைக்காரச் சீனர் ஒரே ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, “அய்யோ ஆன்ட்டி, கேப்ஸ் லாக் லா!” என்று சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் உன் அப்பாவும் சிரித்தார். கேப்ஸ் லாக்குக்கும் பிரஷ் வட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஓரிடத்தில் உள்ளதை எடுத்து இன்னோரிடத்தில் பூசுகிற பிரஷ் ஒன்று இருக்கிறதே, அதைப் பழக உன் அப்பா படத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கே தொட்டு எங்கே பூசினேனோ, அவருடைய காது ஒன்று பின்னால் சுவரில் முளைத்துவிட்டது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு மூணாவது காதா? இருக்கிற ரெண்டே நீ பேசுறத தாங்கல” என்றார். வலைக்காணொளியில் பார்த்துப் படியுங்கள் என்று நீ சொன்னாய். அதில் வருகிறவர்கள் பேச ஆரம்பிப்பதற்குள் நாலு இடத்தில் தட்டி முடித்துவிடுகிறார்கள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, அதற்குள் கை எங்கே இருந்தது என்று மறந்துபோகும்.

அதைவிட மோசம், நீ போனில் சொல்லிக்கொடுத்தது. என் திரையை உன் திரையில் பார்த்துக்கொண்டே, “அங்க இல்லம்மா. அதுக்குக் கீழ. அலாமாக், கீழம்மா! போன வாரம்தான சொன்னேன்” என்பாய். பிறகு ஒரு பெருமூச்சு விடுவாய். அது போனில் நன்றாகக் கேட்கிறது என்பதை இப்போதாவது தெரிந்துகொள். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை நீ, ஆகவே இதைச் சொல்கிறேன். உன் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு ஏதாவது ஒன்று தெரியாமல் போகும், உனக்குத் தெரிந்திருக்கும். அப்போது அந்தப் பெருமூச்சை மட்டும் விட்டுவிடாதே. திட்டினால்கூட மறந்துவிடலாம். பெருமூச்சு, இவளோடு இன்னும் எத்தனை காலமோ என்று கேட்கிறது.

நீ ஒன்றை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் மேல் நேராக வரையாதீர்கள், மேலே ஒரு கண்ணாடித் தாள் விரித்த மாதிரி தனி லேயர் போட்டு அதில் வரையுங்கள், பிடிக்காவிட்டால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாம், அடியில் உள்ள படம் கெடாது என்றாய். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. “தனித்தனியா சேமிங்கம்மா, ஒண்ணா சேர்த்துடாதீங்க” என்றும் சொன்னாய். அதுவும் காதில் விழுந்தது. காதில் விழுவது வேறு, கையில் வருவது வேறு.

பிறகு கல்யாணம் முடிவானது. “கார்டு நீங்களே செய்ங்கம்மா” என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சுண்ணாம்பு மலை அடியில் ஏரிக்கரையில் நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற படத்தை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாய். உங்கள் தலைக்குப் பின்னால் ஒரு மின்கம்பி ஓடியது, ஒரு மனிதர் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தார். அந்தக் கம்பியை எடுத்தேன். அந்த மனிதரையும் பையோடு எடுத்து, அவர் நின்ற இடத்தில் புல்லை வளர்த்தேன். சோறு வடிப்பதை மறந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா கடையில் ரொட்டி சானாய் வாங்கிவந்து சாப்பிட்டார். முடித்துவிட்டுப் பார்த்தபோது, அங்கே ஒரு மனிதர் போனார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இந்த வயதில் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாப்பாவிலிருந்து உன் அத்தை வந்தார். ஈப்போவில் சேலை எடுக்க வந்தவர், அப்படியே நம் வீட்டுக்கும் வந்து, திரையைப் பார்த்தார்.

“என்னா புள்ள, பொண்ணு நெத்தி வெறிச்சுனு இருக்கு? இது கல்யாணக் கார்டா, கருமாதிக் கார்டா?”

“அவங்க வைக்க மாட்டாங்க அண்ணி. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. ஒங்களுக்குத் தெரியுந்தான?”

“நேர்லதான வைக்க மாட்டாங்க? படத்துல வச்சா என்னா? நம்ம சனம் நாலு பேரு பாக்குற கார்டு. ஒரு புள்ளிதானலா!”

அத்தை மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் சேலைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான். அவர் சொல்வதற்கு முன்னாலேயே அந்த வெறும் நெற்றி என் கண்ணை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கம்பியை எடுக்கும்போதும் புல்லை வளர்க்கும்போதும் என் கண் அங்கேதான் போய்வந்தது. என் ஒரே மகனின் கல்யாணப் படம். அதில் எனக்குத் தெரிந்த மங்கலம் ஒன்று குறைகிறது. இதை நான் யாரிடம் சொல்வது? உன்னிடம் சொன்னால் நீ பெருமூச்சு விடுவாய்.

ஆகவே வைத்தேன். புதிதாக ஒரு லேயர் போட்டு, சிவப்பு எடுத்து, ஒரே தட்டு. முதலில் வைத்தது சாலை விளக்கு மாதிரி பளீரென்று இருந்தது. உன் அப்பா சோபாவிலிருந்தே, “ஒரு பொட்டு வைக்க இவ்வளவு நேரமா? கோயில்ல ஐயரு ஒரு இழுப்புல வச்சுட்டுப் போறாரு” என்றார். யாருக்கு வைக்கிறேன் என்று அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்கினேன். நிறத்தின் அடர்த்தியைக் குறைத்து, மெல்ல மெல்லப் பூசினேன். வெயில் இடது பக்கமிருந்து வந்ததால் அந்தப் பக்கத்தில் ஒரு துளி வெளிச்சம் வைத்தேன், மறுபக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிழல். இத்தனை மாதம் என்னைப் படாதபாடு படுத்திய பிரஷ், தம்பி, அன்றைக்கு நான் சொன்னபடி எல்லாம் கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியாக நான் எதையும் வரைந்ததில்லை. வேண்டாத இடத்தில்தான் எனக்கு அந்தக் கை வந்து சேர்ந்தது. இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நம் பக்கத்துக்குப் பொட்டு வைத்த அட்டை, அவர்கள் பக்கத்துக்கு வைக்காத அட்டை, இரண்டாக அனுப்பிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சேமிக்கப் போனபோது அது ஏதோ கேட்டது. சரி என்று தட்டினேன். மறுபடி கேட்டது, மறுபடி சரி என்றேன். எல்லாத் தாளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, நீ கொடுத்த அசல் படத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. பொட்டை எடுக்கத் தனித் தாளும் இல்லை, பொட்டு இல்லாத படமும் என்னிடம் இல்லை. உன்னிடம் அசல் இருக்கிறது, பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வைத்த அட்டையை நம் குடும்பப் புலனக் குழுவில் போட்டேன். இது நம் பக்கத்துக்கு மட்டும், வெளியே அனுப்பவேண்டாம் என்று கீழே எழுதியும் போட்டேன். நம் ஆட்களிடம் போய் வெளியே அனுப்பாதே என்று எழுதினேனே, என்னைத்தான் சொல்லவேண்டும். உன் அத்தை பெருமையில் தாப்பா முழுக்க அனுப்பியிருக்கிறார். பேராக் என்ன அவ்வளவு பெரிய மாநிலமா? மறுநாள் காலையில் அது பாரிட் புந்தாரில், அவர்கள் சபைக்காரர் ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

இங்கே நீ புரிந்துகொள்ளாத ஒன்று இருக்கிறது. நான் அந்தப் பொட்டைக் கோணலாக வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அவள் அப்பா சிரித்துவிட்டுப் போயிருப்பார். அது உண்மைபோல இருந்ததுதான் வினை. மகள் தானே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நம்மிடம் ஒன்று சொல்லிவிட்டு அங்கே போய் வேறொன்று செய்கிறாள் என்று அவர் நம்பிவிட்டார். எஸ்தரிடம் கேட்டிருக்கிறார். “நான் வைக்கலப்பா” என்றாளாம். “அப்ப யாரு வச்சா?” என்றதற்கு அவள் வாயே திறக்கவில்லையாம். அட்டை செய்தது நான் என்று அவளுக்குத் தெரியும், என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் தப்பித்திருப்பாள். வரப்போகிற மாமியாரை அப்பாவிடம் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் அந்த மௌனத்தைப் பொய் என்று எடுத்துக்கொண்டார். இதை எஸ்தரின் அம்மா போன் செய்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. நீதான் கத்துவதில் மும்முரமாக இருந்தாயே.

உன் அப்பாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். பெண் பேசப் போன அன்று அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “ஒங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வருது. எங்க சாமிக்கு வர வேணாம்” என்று அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதை நம்பித்தான் அந்த மனிதர் சரி என்றார். உன் அப்பா கொடுத்த வாக்கின் மேல்தான் நான் அந்தச் சிவப்பைப் பூசியிருக்கிறேன்.

அடுத்தவர் நெற்றியில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? நீ இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில், தினமும் காலையில் நான் உனக்குத் திருநீறு பூசி அனுப்புவேன். துவைக்கும்போது பார்த்தால் சட்டையின் வலது கைமடிப்பில் சாம்பல் அப்பியிருக்கும். பள்ளி வாசலுக்கு முன்னால் நீ துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறாய் என்று தெரிந்தது. பையன்கள் கேலி செய்திருப்பார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது, ஆனால் உன்னிடம் நான் கேட்கவே இல்லை. அந்தக் கைமடிப்பை மட்டும் தனியாகச் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். வருஷக்கணக்கில் தேய்த்தேன். பெற்ற பிள்ளையின் நெற்றியை உன் இஷ்டம் என்று விடத் தெரிந்தவளுக்கு, அடுத்த வீட்டுப் பெண்ணின் நெற்றியை விடத் தெரியவில்லை. இப்போது நம் தாமான் இருக்கிற இடத்தில் ரப்பர் மரம் நின்ற காலத்தில், எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசையின் கடைசி வீட்டில் அருளம்மா அக்கா என்று ஒரு வேதக்காரர் இருந்தார். திருவிழாச் சாப்பாட்டுக்கு எங்களோடுதான் உட்காருவார். திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற என் அம்மா, அவரிடம் மட்டும் நிற்காமல் தாண்டிப் போவார். அக்காவும் ஒதுங்கமாட்டார், அம்மாவும் நீட்டமாட்டார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பழக்கம் அது. படிக்காத என் அம்மாவுக்குக் கையில் இருந்த நிதானம், பேனாவும் பலகையும் வைத்துக்கொண்டிருந்த எனக்கு இல்லாமல் போய்விட்டது.

நேற்று நானும் உன் அப்பாவும் பாரிட் புந்தாருக்குப் போனோம். மடிக்கணினியைச் சந்தைக்குக் கொண்டுபோகிற பசார் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். உன்னிடம் அசல் படத்தை அனுப்பச் சொல்லிப் போட்ட செய்தியை நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது. படம் வரவில்லை. வயல் நடுவே கார் போய்க்கொண்டிருந்தபோது, போனைத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிடலாமா என்றுகூட வந்தது.

எஸ்தரின் அப்பா எங்களை உட்காரச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் முகம் கொடுக்கவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, அந்தப் பொட்டு ஒங்க பொண்ணு வச்சது இல்ல. நான் வரைஞ்சது. இந்தக் கம்ப்யூட்டர்ல.”

அவர் என்னைப் பார்த்தார். “கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு நீங்க பழிய ஏத்துக்கறீங்க சிஸ்டர். எனக்குப் புரியுது.”

மடிக்கணினியைத் திறந்து, அட்டையைக் காட்டி, எஸ்தரின் நெற்றியிலிருந்து பொட்டைத் துடைத்துக் காட்டினேன். பக்கத்துத் தோலைத் தொட்டு, அதன் மேல் பூசிப் பூசி எடுத்தேன். அவசரத்தில் புருவத்தின் நுனியும் கொஞ்சம் போனது. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “சரி. இருந்தத இப்ப அழிச்சீங்களா, இல்லாதத அப்ப வச்சீங்களா? எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

அவர் கேட்டது சரிதானே? அழிக்கவும் தெரியும், வைக்கவும் தெரியும் என்று காட்டுகிறவளின் பேச்சை எதை வைத்து நம்புவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்.

“அண்ணே, ஒங்க போன எடுங்க. என்னைய ஒரு படம் பிடிங்க. இப்ப, இங்கயே.”

அவர் தயங்கினார், பிடித்தார், எனக்கு அனுப்பினார். மடிக்கணினியில் என் முகம் பெரிதாக வந்தது. காலையில் பூசிய திருநீறு, அதற்குக் கீழே குங்குமம். முதலில் திருநீற்றைத் துடைத்தேன். குங்குமத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. கல்யாணமானதிலிருந்து என் புருஷன் கண் முன்னால் நான் செய்யாத காரியம் அது. உன் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“எடு” என்றார். “நான் இங்கதான உக்காந்திருக்கேன்.”

எடுத்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, எங்கே இருந்தது என்று தெரியாதபடி எடுத்தேன். காப்பித் தட்டோடு வந்த எஸ்தரின் அம்மா, “ஐயோ, என்னா சிஸ்டர் பண்றீங்க” என்று அப்படியே நின்றுவிட்டார். திரையில் இருந்தது நான் இல்லை, தம்பி. என் கண், என் மூக்கு, ஆனால் நான் இல்லை. என் அப்பா இறந்த பிறகு என் அம்மா இப்படித்தான் இருந்தார். எஸ்தரும் தன் முகத்தை அந்த அட்டையில் இப்படித்தான் பார்த்திருப்பாள். யாரையும் கேட்காமல் யாரோ மாற்றிய முகம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். எதிரில் பொட்டோடு உட்கார்ந்திருந்த என்னையும், திரையில் பொட்டில்லாமல் இருந்த என்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மொதல்ல அத அழிங்க சிஸ்டர்.”

“நம்புறீங்களா அண்ணே?”

“நம்புறேன். அழிங்க. பிரதர் கல்லுமாதிரி எதிர்ல உக்காந்திருக்காரு. அந்தப் படம் இருக்கக் கூடாது.”

அழித்தேன். அவர் தன் போனில் பிடித்த படத்தையும் எடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “குப்பத்தொட்டிக்குப் போயிருக்கும்ல? அங்கயும் அழிங்க” என்றார். அங்கேயும் அழித்தேன். இனி எங்கேயும் இல்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான், எஸ்தருக்குப் போன் போட்டார். “அப்பா ஒன்னைய நம்பல கண்ணு” என்றார். எஸ்தரின் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

அவர் கல்யாணத்துக்கு வருகிறார். அசல் படத்தை அனுப்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அட்டைதான் போகும், தாப்பாவுக்கும் அதுதான்.

அம்மா